திருச்சி–சிங்கப்பூர் பத்து நிமிடம்

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர். நடுவில் கிடப்பது கடல் என்பதால் அதை யாராலும் சுருக்க முடியாது, சுருக்கவும் இல்லை. சாதா விமானம் இந்தத் தூரத்தை நாலு மணி நேரத்தில் கடக்கும். நொடி ஏர் கம்பெனியின் விமானம் பத்து நிமிடத்தில் கடந்தது. ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, பக்கத்துச் சீட்டுக்காரரிடம் எந்த ஊர் என்று கேட்டு, அவர் லால்குடி என்று சொல்லி, லால்குடியில் எங்கே என்று கேட்க வாயெடுப்பதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிடும். எத்தனையோ நல்ல நட்புகள் லால்குடியோடு நின்றுபோயின.

மிச்சமான மூன்று மணி ஐம்பது நிமிடம் எங்கே போயிற்று என்று பயணிகள் யாரும் கேட்கவில்லை. கையில் மிச்சம் வந்துவிட்டால் அது யாருடையது என்று விசாரிக்கிற கெட்ட பழக்கம் மனிதர்களுக்குக் கிடையாது. கேட்டவன் குழந்தைவேலு ஒருவன்தான். அவனும் வேலை கேட்கப் போன இடத்தில், பேச்சு நீளட்டும் என்று கேட்டான்.

குழந்தைவேலு திருச்சி விமான நிலையத்தில் டாக்சி வைத்திருந்தான். ஓட்டியது கொஞ்சம், காத்திருந்தது நிறைய. வயது முப்பத்தாறு. அவன் மனைவி அஞ்சுகத்துக்கு முப்பத்தொன்று, நர்ஸ். சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. போனால் வருடத்துக்கு ஒருமுறைதான் வரமுடியும் என்று இரண்டு பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த சமயத்தில்தான் நொடி ஏரின் விளம்பரம் வந்தது. விமானத்தின் பின்பகுதியில் உட்கார ஆள் தேவை, முன் அனுபவம் வேண்டாம், ஊழியரின் மனைவிக்கு வாராவாரம் இலவசப் பயணம். மனைவியும் கையெழுத்துப் போடவேண்டும் என்றதால் அஞ்சுகமும் கூடப் போனாள்.

விமானத்தின் வால்கதவைத் திறந்து மூடுகிற அதிகாரி ஆரோக்கியம்தான் நேர்காணல் செய்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தியைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"அந்த மூணு மணி அம்பது நிமிஷம் எங்கே சார் போவுது?" என்றான் குழந்தைவேலு.

"வீட்டுல ஏசி இருக்கா?"

"பக்கத்து வீட்டுல இருக்கு சார். சூடெல்லாம் எங்க ஜன்னலுக்குத்தான் வரும்."

"அதேதான்." ஆரோக்கியம் கண்ணாடியைக் கழற்றினார். "விமானத்து வால்ல ஒரு ரூம் இருக்கு. பின்கட்டுன்னு சொல்லுவோம். முன்னாடி உட்கார்ந்திருக்கிற நூத்தி எழுபத்திரண்டு பேரோட மிச்ச நேரமும் அங்கே வந்து இறங்கும். உள்ளே ஒரு ஆள் இருந்து அதைக் கழிக்கணும். மொத்தம் இருபத்தேழரை நாள். வெளியில பாத்தா பத்து நிமிஷம்."

"ஆளே இல்லாம பூட்டி வெச்சா என்ன சார்?" என்றாள் அஞ்சுகம்.

"வெச்சுப் பாத்தோம்மா. இறங்கலை. விமானம் வழக்கம்போல நாலு மணி நேரம் எடுத்துக்கிச்சு. சரின்னு ஒரு ஆட்டைக் கட்டிப் பாத்தோம். அப்பவும் நாலு மணி நேரம். ஆட்டுக்குத் தான் காத்திருக்கோம்னே தெரியலை, அது பாட்டுக்குத் தழையைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. நேரம் போவுதுன்னு தெரிஞ்ச உசுரு மேலதான் நேரம் இறங்கும்."

"அந்த ஆடு என்ன சார் ஆச்சு?"

"சிங்கப்பூர்ல இறக்க விடலை. திருச்சிக்கே திரும்பி வந்துச்சு. அப்புறம் கேண்டீனுக்குப் போச்சு."

தேர்வு என்று ஒன்று வைத்தார்கள். விண்ணப்பித்த பதினெட்டுப் பேரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, இதோ வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இன்ஜினீயரிங் படித்தவர்கள் ஒரு மணி நேரத்தில் எழுந்து சண்டை போட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் பழகியவர்கள் நாலு மணி நேரம் தாங்கினார்கள். குழந்தைவேலு ஒன்பது மணி நேரம், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருதரம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தான். வேலை கிடைத்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது அஞ்சுகம் காரில் அழுதாள். "ஏங்க, எனக்காக நீங்க கிழவனா ஆகணுமா?"

"வாரத்துக்கு ஒண்ணோ ரெண்டோ உக்காருவேன். வேணாம்னா விட்டுட்டுப் போறேன். அப்புறம், நீ வர்ற போற விமானத்துல நான் உக்கார முடியாது. சொந்தக்காரங்க ஏறினா அந்த விமானத்துக்கு வேற ஆளைத்தான் போடணும்னு கம்பெனி விதி. அதனால உன்னால எனக்கு ஒரு நிமிஷமும் கூடாது. மனசைப் போட்டு உழப்பிக்காதே."

அவள் நம்பினாள். விதி என்று யார் சொன்னாலும் நம்புகிறவள்தான். நர்ஸ் வேலையில் அப்படித்தான் பழக்குவார்கள்.

அப்படியாக அஞ்சுகம் வெள்ளிக்கிழமை மதியம் வந்தாள், ஞாயிறு மாலை போனாள். வந்து இறங்கும்போதெல்லாம் வெளியே கம்பித் தடுப்பில் சாய்ந்துகொண்டு, பழைய டாக்சிக்காரன் மாதிரியே குழந்தைவேலு நின்றான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன வெள்ளிக்கிழமையைவிட இரண்டு மாதம் கூடுதல் வயதோடு நின்றான்.

முதல் தீபாவளிக்குள் காதோரம் நரைத்தது. இரண்டாவது தீபாவளிக்குப் பல்லைப் பிடுங்கினார்கள். மூன்றாவது வருடம் டவுன் பஸ்ஸில் பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். அஞ்சுகத்தோடு போன ஜவுளிக்கடையில் கடைக்காரர், "அப்பாவுக்கு ஒரு நாற்காலி போடுப்பா" என்றார். குழந்தைவேலு மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்து, மகள் புடவை எடுக்கிற அழகைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா கூட வந்தால் தள்ளுபடி உண்டா என்று வேறு கேட்டான்.

அவனுடைய சொந்த அப்பா மாரிமுத்து, அறுபத்துமூன்று வயது, ஒரு நாள் வாசலில் வந்து நின்ற மகனைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு குனிந்து வெகுநேரம் செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது.

இதையெல்லாம் அஞ்சுகம் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு. ஞாயிற்றுக்கிழமை பாதியில் விட்ட சண்டையை அவள் வெள்ளிக்கிழமை தொடருவாள். அவளுக்கு அது ஐந்து நாள் சூடு. அவனுக்கோ இரண்டு மாதம் பழசு. என்ன சண்டை என்றே நினைவு இருக்காது. "நான்தான் தப்பா இருப்பேன், விடு" என்பான். ஆளோடு பேசாமல் இருந்து இருந்து வார்த்தைகள் மெதுவாக வந்தன. சில சமயம் அவள் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பான்.

"என்ன பண்றீங்க?"

"அஞ்சும் இருக்கான்னு பாக்குறேன்."

"உள்ளே என்னதாங்க பண்ணுவீங்க அத்தனை நாள்?"

"சமைப்பேன். துவைப்பேன். தூங்குவேன். மீதி நேரம் காத்திருப்பேன். அதுக்குத்தானே வெச்சிருக்காங்க."

கால் வீக்கத்தை முதலில் கவனித்தவள் அவள்தான். அமுக்கினால் குழி விழுந்தது. மாடிப்படி ஏழு ஏறினால் மூச்சு வாங்கியது. முதியோர் இல்லத்தில் தினமும் இருபது பேருக்கு அவள் பார்க்கிற கால். என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி டாக்டர் தன் பதிவேட்டைப் புரட்டி, பிறப்புச் சான்றிதழ்ப்படி முப்பத்தொன்பது, உடம்புப்படி வருகிற சனிக்கிழமை அறுபது முடிகிறது, விதிப்படி அன்றோடு ஓய்வு என்றார்.

அஞ்சுகத்துக்கு அதைக் கேட்டபோது உயிர் வந்தது. மீதமிருக்கிற நாட்கள் எத்தனையோ, அத்தனையும் அவள் கண்முன்னால் கழியும். சிங்கப்பூர் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். அதே சனிக்கிழமை திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கும் ஏற்பாடு செய்தாள். குருக்கள்தான் போனில் குழம்பிப்போனார்.

"பையனுக்கு முப்பத்தொன்பதுன்னு ஜாதகம் சொல்றதேம்மா?"

"பையன் இல்லைங்க சாமி, கிழவர். நேர்ல பாத்தா நீங்களே ஒத்துக்குவீங்க."

"மணப்பொண்ணுக்கு என்ன வயசு?"

"முப்பத்திநாலு."

மறுமுனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. ரெண்டாந்தாரம் என்று எழுதிக்கொண்டிருப்பார்.

சிங்கப்பூர் திரும்பிய மறுநாள், திங்கட்கிழமை, போனில் அவனிடம் அவள் கேட்டாள்: "இனிமே உள்ளே போகக்கூடாது. இந்த நெஞ்சு இன்னொரு இருபத்தேழு நாள் தனியாத் தாங்காது. ஒண்ணுன்னா கூப்பிடக்கூட ஆள் இல்லை அங்கே."

"போகலை."

"சத்தியமா?"

"சத்தியமா புள்ள. வர்ற வெள்ளிக்கிழமை நீ வா. கம்பியில சாஞ்சுக்கிட்டு நிப்பேன்."

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில், முதியோர் இல்லத்தின் வராந்தாவில், ஓய்வுக்கான தாள்கள் அவள் போனுக்கு வந்தன. மனைவி படித்துப் பார்த்து ஒப்பமிட வேண்டும். குழந்தைவேலு உட்கார்ந்த பயணங்கள் மொத்தம் இருநூற்று எழுபத்தொன்பது என்று தேதிவாரியாக ஒரு பட்டியல் இருந்தது. ஒப்பமிடப் போனவள் தேதிகளைப் பார்த்தாள். வெள்ளி. ஞாயிறு. வெள்ளி. ஞாயிறு. நடுவில் ஒரே ஒரு புதன்கிழமை இருந்தது. அவளுடைய அம்மா இறந்த செய்தி கேட்டு அவள் ஓடிவந்த புதன்கிழமை.

சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஆரோக்கியத்துக்குப் போன் செய்தாள்.

"சொந்தக்காரங்க ஏறுற விமானத்துல உட்காரக்கூடாதுன்னு விதி இருக்கா சார்?"

"அப்படி ஒண்ணும் இல்லையேம்மா." அந்தப் பக்கம் கண்ணாடி துடைக்கிற நேரம் கழிந்தது. "நீங்க ஏறாத விமானத்துல அவர் ஒரு நாளும் உக்காந்ததில்லை. வேற ட்ரிப் குடுத்தா மாட்டேன்னுடுவார். வெள்ளிக்கிழமை காலையில சும்மா பயணியாட்டம் சிங்கப்பூர் போவார், நீங்க ஏறுறதுக்கு முன்னாடி வால்கதவு வழியா ஏறிடுவார். நான் ஒருதரம் கேட்டேன், ஏன்யா இப்படின்னு. 'இருபது வரிசை முன்னாடி அவ உக்காந்திருக்கா சார். இருபத்தேழு நாளும் அவளோட ஒரே விமானத்துல இருக்கேன். வேற ட்ரிப்ல உக்காந்தா அங்கே யார் இருக்கா?'ன்னார்."

அஞ்சுகம் போனை வைத்தாள். நூற்று முப்பத்தொன்பது முறை வீட்டுக்கு வந்திருக்கிறாள். சில வாரம் மிக்ஸி ரிப்பேர் என்று வந்திருக்கிறாள். ஒரு வாரம், போரடிக்கிறது என்று வந்தாள்.

அவனைக் கூப்பிட்டுத் திட்டத்தான் நினைத்தாள். ஆனால் மூன்று வருடப் பொய்யைப் போனில் கேட்டு வீணாக்குவானேன், நேரில் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் என்று இருந்துவிட்டாள். சத்தியம் செய்திருக்கிறான், இனி உட்காரமாட்டான். ஆனால் அவள் நொடியில் ஏறினால் வேறு எவளுடைய புருஷனோ அவளைச் சுமப்பான். அது வேண்டாம். பதினொன்று சி என்ற தன் இருக்கையை ரத்து செய்தாள். வெள்ளி காலை சிங்கப்பூர் நேரம் ஒன்பதரைக்குக் கிளம்புகிற சாதா விமானத்தில் இடம் பிடித்தாள். அது நம் ஊர் நேரம் பதினொன்றுக்கே திருச்சிக்கு வந்துவிடும். நொடி வருவது பதினொன்று நாற்பதுக்கு. அதற்குள் அந்தக் கம்பித் தடுப்பில் அவள் போய்ச் சாய்ந்துகொண்டு நிற்கவேண்டும். அவன் அவளைத் தேடி வரும்போது, ஒரு தடவையாவது அவள் காத்திருக்க வேண்டும்.

சாதா விமானத்தில் நாலு மணி நேரமும் அவள் தூங்கவில்லை. பக்கத்தில் ஒருவர் குறட்டை விட்டார். உப்புமா கொடுத்தார்கள், காய்ந்திருந்தது. கடல் ஒரே கடலாக இருந்தது. இரண்டாவது மணி நேரத்திலேயே கால் மரத்து, படிக்க ஒன்றும் இல்லாமல், வாந்திப் பையில் அச்சிட்டிருந்ததை மூன்று மொழியிலும் படித்துவிட்டாள். நாலு மணி நேரம் என்பது இவ்வளவு நீளமா என்று இருந்தது. இதை நூற்று எழுபத்திரண்டால் பெருக்கிப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது பதினொன்று இருபத்தெட்டு. கம்பித் தடுப்பில் குழந்தைவேலு இல்லை. அவனோடு டாக்சி ஓட்டிய முபாரக் நின்றிருந்தான்.

"அக்கா! நீங்க இங்கே எப்படி? அண்ணன் உங்களைக் கூட்டியாறேன்னு காலையிலேயே சிங்கப்பூர் போயிருச்சே! நாளைக்குக் கல்யாண மாப்பிள்ளை, போட்டோவுக்குத் தலைக்குக் கொஞ்சம் சாயம் அடிச்சுக்கன்னு நான்கூடக் கேலி பண்ணி..."

அவள் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

நொடி ஏரின் அலுவலகத்தில் ஆரோக்கியம் சுவர்க் கடிகாரத்தின் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். வானத்தில் இருக்கவேண்டியவள் வாசலில் நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"அவரை இறக்குங்க சார். கதவைத் திறக்கச் சொல்லுங்க. நான் அதுல இல்லை."

மணி பதினொன்று முப்பத்தொன்று.

"கிளம்பிருச்சேம்மா," என்றார். "இப்ப அவருக்கு உள்ளே மூணாம் நாள்."

"அறுபதுல ஓய்வுன்னீங்களே!"

"அறுபது முடியாதவங்க உக்காரலாம்னு விதி. முடிய ஒரு நாள் பாக்கி இருந்துச்சு. உள்ளே போன பிறகு முடிஞ்சா என்னன்னு விதியில எழுதலை." கண்ணாடியைக் கழற்றினார். "நான் வேணாம்னேன். அவ வர்ற கடைசி ட்ரிப் சார், இதுல மட்டும் அவளை வேற எவனாவது சுமந்தா நான் மூணு வருஷம் உக்காந்ததுக்கு என்ன அர்த்தம்னார். சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அஞ்சுகம் கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். கிளம்பிய அரை நிமிடத்துக்குள் அவனுக்கு அறுபது முடிந்திருக்கும். கடலுக்கு மேலே, ஒற்றை ஆளாக, எந்த மேளமும் இல்லாமல் முடிந்திருக்கும்.

முப்பத்திரண்டு. ஐந்தரை நாள். காய்கறியெல்லாம் வாடத் தொடங்கியிருக்கும்.

முப்பத்துமூன்று. எட்டு நாள். வேட்டி துவைத்துப் போட்டிருப்பான்.

"என் சீட்டு இல்லாததால அவருக்கு மூணு மணி அம்பது நிமிஷம் குறையும் இல்லையா சார்?"

"குறையும்மா," என்றார் ஆரோக்கியம், எதையும் பார்க்காமல்.

"அதாவது குறையட்டும்."

முப்பத்தாறு. பதினாறு நாள். போன் அடித்தது. திருக்கடையூர் குருக்கள்.

"ஒண்ணு கேக்க விட்டுப்போச்சும்மா. கலசம் பதினாறு வெக்கட்டுமா, முப்பத்திரண்டு வெக்கட்டுமா?"

"முப்பத்திரண்டு வைங்க சாமி."

"மாப்பிள்ளை வந்துட்டாரா?"

"வந்துக்கிட்டே இருக்கார்."

முப்பத்தெட்டு. இருபத்திரண்டு. முப்பத்தொன்பது. அவள் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு நாடி எண்ணினாள். வேறு யாருடையதையும் எண்ண முடியவில்லை.

நாற்பது.

மூன்று வருடத்தில் நொடி ஏர் ஒரு விநாடி தாமதித்ததில்லை. தாமதிக்க அதனால் முடியாது. ஓடுபாதை காலியாக இருந்தது. முள் நகர்ந்தது. ஆரோக்கியம் மெல்ல எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார்.

"சார், என்ன சார்?"

"தரையிறங்க வரிசை இருக்கும்மா. சில சமயம்..."

"ஆட்டைக் கட்டி வெச்சப்ப நேரம் அது மேல இறங்கலைன்னீங்க. விமானம் நாலு மணி நேரம் எடுத்துக்கிச்சுன்னீங்க."

அவர் ஜன்னலோரம் போய் ஓடுபாதையைப் பார்த்தார்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு விமானம் இறங்கியது. ஒரு நிமிடம் தாமதம்.

வால்கதவைத் திறந்து முதலில் டாக்டர் உள்ளே போனார். பின்னால் அஞ்சுகம் போனாள், யாரும் தடுக்கவில்லை. பின்கட்டு சுத்தமாகப் பெருக்கியிருந்தது. பாத்திரங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கொடியில் ஒரு புது வேட்டி. கண்ணாடிக்கு எதிரில் நாற்காலியில் குழந்தைவேலு உட்கார்ந்திருந்தான். கழுத்தைச் சுற்றித் துண்டு. தரையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கறுப்புச் சாயம், அதில் பழைய பல்துலக்கி. இடதுபக்கத் தலை முழுவதும் கறுகறுவென்று முப்பத்தொன்பது வயதாக இருந்தது. வலதுபக்கம் வெள்ளை. பாதியில் கை நின்றுவிட்டது.

அஞ்சுகம் நாடி பார்த்தாள். டாக்டர் பார்த்துவிட்டார் என்று தெரிந்தும் பார்த்தாள். பிறகு துண்டின் முனையால் அவன் காதில் வழிந்திருந்த சாயத்தைத் துடைத்தாள்.

மணிக்கட்டில் கம்பெனி கட்டியிருந்த நாடிப் பட்டையைப் பார்த்து ஆரோக்கியம் குறித்துக்கொண்டார். அறுநூற்று ஐம்பத்தாறு மணி இருபது நிமிடம் துடித்திருக்கிறது. கதவு திறக்க மூன்று மணி நேரம் மீதி இருந்தபோது நின்றிருக்கிறது. சுமக்க ஆள் இல்லாத அந்த மூன்று மணி நேரம் பயணிகளிடமே திரும்பிப் போய், தலைக்கு ஒரு நிமிடமாக இறங்கியிருக்கிறது.

அஞ்சுகம் நர்ஸ். கணக்கு உடனே வந்தது. "அப்ப மொத்தம் எத்தனை மணி நேரம் சார்?"

"அறுநூத்தி அம்பத்தொன்பது மணி, இருபது நிமிஷம்."

"அது நூத்தி எழுபத்திரண்டு பேருக்கு. நான்தான் வரலையே. மூணு மணி அம்பது நிமிஷம் முன்னாடியே கதவு திறந்திருக்கணுமே. அவர் இருந்திருப்பாரே."

ஆரோக்கியம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"காத்திருப்போர் பட்டியல்னு ஒண்ணு இருக்கும்மா. நீங்க ரத்து பண்ண அடுத்த நிமிஷமே சீட்டு போயிரும். இன்னிக்கும் முழு விமானம்தான். நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலை."

தாள்கள் எழுத நேரமாயிற்று. இறந்த நேரம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று இரண்டு அதிகாரிகள் தகராறு செய்தார்கள். வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பது என்றார் ஒருவர். அவருக்கு அந்த வெள்ளிக்கிழமை போய் நாலு வாரம் ஆயிற்றே என்றார் மற்றவர். அஞ்சுகத்தை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஒரு நிமிடத் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்டுச் சிலர் கவுண்ட்டரில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், துணிப்பை ஒன்றும் போனுமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணு, இதுல என் மக நம்பரைப் போட்டுத் தாரியா? எனக்குக் கண்ணாடி பெட்டிக்குள்ள போயிருச்சு. துறையூர்ல இருக்கா. காலையிலதான் பிரசவமாச்சு. பொம்பளைப் பிள்ளை."

அஞ்சுகம் போனை வாங்கி எண்ணைத் தேடினாள். போனோடு சேர்த்து அம்மாள் நீட்டிய பயணச்சீட்டில் பதினொன்று சி என்று இருந்தது.

"நாலு நாளா சீட்டே இல்லைன்னுட்டாங்க கண்ணு. மூத்த மக வீட்டுல சிங்கப்பூர்ல இருந்தேன். ராவெல்லாம் அழுகை எனக்கு. பிள்ளைக்கு நான்தான் முதல் தண்ணி ஊத்தணும்னு இருந்தேன். நேத்து மத்தியானம் பாரு, யாரோ ஒரு மகராசி வேணாம்னு விட்டுக் குடுத்திருக்கா. அவ நல்லா இருக்கணும். புருஷனும் புள்ளையுமா நூறு வருஷம் இருக்கணும்."

மணி போய்க்கொண்டிருந்தது. மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை. பிரசவமானவள் தூங்குவாள்.

"திரும்பப் போடவா?" என்றாள் அஞ்சுகம்.

"போடு கண்ணு. அவசரமில்லை." அம்மாள் கவுண்ட்டரின் சத்தத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஒரு நிமிஷத்துக்கு என்ன சண்டை பாரேன். பத்து நிமிஷத்துல மூவாயிரம் மைலோ கிலோமீட்டரோ வந்திருக்கோம்."

அஞ்சுகம் போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள். பதினொன்று சி யாருடையது என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு வேறொன்றைக் கேட்டாள்.

"அந்த ஒரு நிமிஷம் உங்களுக்குத் தெரிஞ்சுதாம்மா?"

அம்மாள் சிரிப்பை நிறுத்தி யோசித்தாள்.

"தெரிஞ்சுது. மத்த நேரம் போனதே தெரியலை. அது மட்டும்..." கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீளமா இருந்துச்சு கண்ணு."